புகழிமலையில் ஒரு கல் படுக்கை

கரூரிலிருந்து சேலம் போகிற நெடுஞ்சாலையில் 15 கிலோமீட்டர் போல வந்தால் வேலாயுதம்பாளையம், அங்கேதான் புகழிமலை. எங்கள் பக்கம் ஆறுநாட்டார் மலை என்று கேட்டால்தான் சட்டென்று வழி சொல்வார்கள். அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, முழங்கால் வலி குறைந்தால் படியேறி வருவதாக ஒரு வேண்டுதல், அதற்காகத்தான் போன கிருத்திகைக்குக் கிளம்பினோம்.

அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். மேலே பாலசுப்பிரமணியர். தைப்பூசம் இல்லாததால் நெருக்கடி இல்லை, நின்று கும்பிட முடிந்தது. வெளியே வந்தால் காவிரி, வெற்றிலைக் கொடிக்கால், கரும்பு, வாழை, தூரத்தில் காகித ஆலைப் புகைபோக்கி.

அமுச்சி நிழலில் உட்கார்ந்ததும் நான் சமணக் குகைத்தளத்துக்கு நழுவினேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பாதி ஆசை அதில்தான். பாறையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து, ஏறக்குறைய 1800 வருடத்துக்கு முந்தையது. யாற்றூர் செங்காயபன் என்ற மூத்த சமணத் துறவி தங்குவதற்காக, கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ, இளவரசுப் பட்டம் ஏற்றபோது வெட்டிக்கொடுத்த கல் என்கிறது. பட்டம் கட்டிய கையோடு ஒரு துறவிக்குப் படுக்கை! சேர அரசர்களைப் பாடும் பதிற்றுப்பத்தில் 7, 8, 9ஆம் பத்துகளின் சேரர்கள் இவர்கள்தான் என்று ஐராவதம் மகாதேவன் போன்ற கல்வெட்டு அறிஞர்கள் சொல்ல, சேரர் தலைநகரான வஞ்சி கேரளத்தில் இருந்ததா நம் கரூரா என்ற பழைய சண்டையில் கரூர்க்காரர்கள் முதலில் தூக்கிக் காட்டுவது இந்தக் கல்லைத்தான். பக்கத்திலேயே கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி கொடுத்த படுக்கையும் இருக்கிறது, அதில் ஊர்ப் பெயரே வந்துவிடுகிறது, அப்புறம் என்ன வேண்டும்?

அரசனின் முரசை வைக்கும் முரசு கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிவிட்ட புலவர் மோசிகீரனாரை வெட்டாமல் கவரி வீசினானே பெருஞ்சேரல் இரும்பொறை, புறநானூறு 50, அவனும் இந்த இரும்பொறைக் குடிதான். தூங்குகிறவர்கள் மேல் அப்படி என்ன பிரியமோ அந்த வீட்டில்.

திரும்பி வந்தபோது அமுச்சி முறைத்தாள். "முருகன உட்டுப்போட்டு எங்க கண்ணு போன?"

"சாமியார் படுக்கறதுக்கு ராசா வெட்டிக் குடுத்த கல்லுங்க அமுச்சி."

"வெறுங்கல்லுலயா? தலகாணி?"

"கல்லுலயே தலமாடு ஒசத்தி வெட்டியிருக்குதுங்க."

"அப்பச் செரி," என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.