தௌலியில் இல்லாத கல்வெட்டு

புவனேசுவரத்திலிருந்து தௌலி பக்கம்தான், எட்டுக் கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரருக்குத் தௌலி என்றால் மலைமேல் இருக்கிற வெள்ளை சாந்தி ஸ்தூபி. நாங்கள் பார்க்க வந்ததோ அசோகனின் பாறைக் கல்வெட்டு. பாறை, யானை, எழுத்து என்று என் ஓட்டை இந்தியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நேரே மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டார். சரி, வந்ததுக்குப் பார்த்துவிடலாம் என்று ஒரு சுற்று வந்தோம். 1970களில் ஜப்பானியப் பௌத்தர்கள் முன்நின்று கட்டியது. கீழே தயா ஆறு. கலிங்கப் போரில் செந்நீராக ஓடியது என்று கதை சொல்கிறார்கள். நாங்கள் போன மார்ச்சில் மணலுக்கு நடுவே ஒல்லியாகக் கிடந்தது.

நாங்கள் தேடிய பாறை அடிவாரத்தில், வந்த வழியிலேயே இருந்தது. அங்கே கூட்டமே இல்லை. பாறையின் மேல்புறத்தில் ஒரு யானையின் முன்பாதி, கல்லுக்குள்ளிருந்து எழுந்து வருவதுபோல. கம்பித் தடுப்புக்குப் பின்னால் அசோகனின் பிராமி எழுத்து. அவர் பல ஊர்ப் பாறைகளில் வெட்டுவித்த பதினான்கு ஆணைகளில் ஆறாவதன் முடிவில், இங்கே, 'சேதோ', அதாவது வெள்ளை, என்று ஒரு சொல் தனியாக நிற்கிறதாம். யானையைத்தான் குறிக்கிறது என்பார்கள்.

என் மனைவி கேட்டாள்: "போரை நினைத்து வருந்தினாரே, அது எந்த வரி?"

அது இங்கே இல்லை. ஒரு லட்சம் பேர் மாண்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று அவரே கணக்குச் சொல்லி வருந்துவது பதின்மூன்றாம் ஆணையில். அது குஜராத்தின் கிர்நாரில் இருக்கிறது, இன்றைய பாகிஸ்தானின் ஷாபாஸ்கடியில் இருக்கிறது, ஆந்திரத்து எர்ரகுடியில் இருக்கிறது. அடிபட்ட கலிங்கத்தில் மட்டும், தௌலியிலும் சரி, கஞ்சம் மாவட்டத்து ஜௌகடத்திலும் சரி, 11, 12, 13 மூன்றையும் விட்டுவிட்டார்கள். பத்துக்குப் பிறகு நேரே பதினான்கு.

வெட்கம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பனைப் பறிகொடுத்தவன் வீட்டு வாசலில் போய், 'உன் ஊரில் இத்தனை பேரைக் கொன்றேன், வருந்துகிறேன்' என்று எந்த அரசன் எழுதி வைப்பான்? அது ஆறுதலாகவும் இருக்காது, ஆட்சிக்கும் ஆகாது.

அந்த மூன்றுக்கும் பதிலாக இங்கே இருப்பவை இரண்டு தனி ஆணைகள். (இவை கர்நாடகத்தில் சன்னதி என்ற ஊரிலும் கிடைத்திருக்கின்றன.) முதலாவது, இந்தப் பகுதியில் அன்றிருந்த தோசலி நகரத்து மகாமாத்திரர்களுக்கு, அதாவது வழக்கு விசாரிக்கும் அதிகாரிகளுக்கு. "எல்லா மனிதரும் என் பிள்ளைகள்" என்ற புகழ்பெற்ற வரி இதில் வருகிறது. பாடப்புத்தகம் அத்தோடு நிறுத்திக்கொள்ளும். எனக்குப் பிடித்தது அதற்கடுத்த பகுதி. காரணமில்லாமல் ஒருவன் சிறையில் கிடக்கிறான், வதைபடுகிறான், அவனைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து துன்பப்படுகிறார்கள். நீங்கள் நடுநிலையோடு நடக்க வேண்டும் என்கிறார். ஏன் நடப்பதில்லை என்பதற்கு ஏழு காரணங்களையும் அடுக்குகிறார்: பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், அசதி. ஒரு பட்டா மாற்றத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு மாதம் அலைந்தவன் நான். ஏழையும் அங்கே ஒரே மேசையில் பார்த்திருக்கிறேன்.

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவுமில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, கடுமையில்லாத ஓர் அதிகாரியைச் சுற்றுக்கு அனுப்பி, சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க ஏற்பாடு. உஜ்ஜயினியிலிருந்தும் தட்சசீலத்திலிருந்தும் மூன்றாண்டுக்குள் அனுப்ப வேண்டும். பெருங்கருணை என்று நாம் கொண்டாடுவதற்குக் கீழே கணக்குப் பார்க்கும் ஒரு நிர்வாகி உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது தனி ஆணை, இன்னும் வெல்லப்படாத எல்லை மக்களுக்கு 'என்னைக் கண்டு அஞ்ச வேண்டாம்' என்று உறுதி சொல்கிறது. கூடவே, பொறுக்கக்கூடியதைத்தான் அரசன் பொறுப்பான் என்றும். அந்த ஒரு சொல்லில் வாள் உறையோடு தெரிகிறது.

நம்மவர்களும் இந்தப் பாறையில் உண்டு. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்வதைப் பேசும் இரண்டாம் ஆணையில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் எல்லாம் எல்லைக்கு அப்பால் இருப்பவர்களாக வருகிறார்கள். சத்தியபுத்திரர் யார் என்று வெகுகாலம் சண்டை. அதியமான்தான் என்று தமிழ்நாட்டு ஜம்பையில் கிடைத்த கல்வெட்டு தீர்த்துவைத்தது.

அப்புறம் இன்னொன்று. தனி ஆணையைத் திஷ்ய நட்சத்திர நாளில், அதாவது நம் பூசத்தன்று, உரக்கப் படிக்க வேண்டும்; இடையிடையேயும் படிக்கலாம், கேட்க ஒரே ஒருவர் இருந்தாலும் போதும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. போனில் வைத்திருந்த மொழிபெயர்ப்பை எடுத்து மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ஏழு காரணங்கள் வந்தபோது ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து நின்று என்ன என்று கேட்டார். இந்தியில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "ஆலஸ்", அதாவது சோம்பல், என்றதும் சிரித்தார். இத்தனை வருடமாக ஆட்களை மேலேதான் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாராம், இங்கே நின்றதே இல்லையாம்.