எயர் பிரேக் பரீட்சை: முள்ளைப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம்

ஒன்ராறியோவில் ஏ-இசட் லைசென்ஸ் (எயர் பிரேக் உள்ள, ட்ரெய்லர் இழுக்கும் பெரிய லொறி ஓட்டுவதற்கானது) எடுக்கத் தயாராகும் தம்பிமார் என்னிடம் கேட்பதெல்லாம் ட்ரெய்லரை எப்படிப் பின்னால் எடுப்பது என்றுதான். ஆனால் நான் பார்த்தவரையில் பலர் தடுமாறுவது வண்டி நகர்வதற்கு முன்னமே, அழுத்திய காற்றால் இயங்கும் எயர் பிரேக்கைச் சோதிக்கும் செய்முறையில். 2017 ஜூலையிலிருந்து இந்த லைசென்ஸுக்குக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். எயர் பிரேக்கும் அதற்குள் அடக்கம். இருந்தும், படிகளை வரிசையாகப் பாடமாக்கிக்கொண்டு போகிறார்கள். இடையில் ஒன்றை மறந்தால் மிச்சம் எல்லாம் குழம்பிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் பாடமாக்கவே தேவையில்லை.

முதல் வேலை, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது. காரணம் இதுதான்: பார்க்கிங் பிரேக்கைப் பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங். காற்று உள்ளே போய்த்தான் அந்த ஸ்பிரிங்கை மடக்கி பிரேக்கை விடுவிக்கிறது. கசிவு பார்ப்பதற்கு பார்க்கிங் பிரேக்கை விட வேண்டும், அப்போதுதான் எல்லாக் குழாய்களுக்கும் காற்றுப் போகும். விட்ட பிறகு வண்டியை மறிக்கக் கட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. சமதரையில் நிறுத்துங்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

பிறகு என்ஜினை ஓடவிட்டு அழுத்தத்தை முழுதாக ஏற்றுங்கள். 120, 130 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வந்ததும், காற்றை அடைக்கும் கொம்பிரசரைக் கவர்னர் என்ற கட்டுப்பாட்டுக் கருவி நிறுத்தும், ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வரும். என்ஜினை நிறுத்துங்கள், சாவி மட்டும் ஒன்னில் இருக்கட்டும். மஞ்சள் குமிழ் (பார்க்கிங் பிரேக்), சிவப்புக் குமிழ் (ட்ரெய்லருக்குக் காற்று) இரண்டையும் உள்ளே தள்ளுங்கள். காற்றழுத்தம் காட்டும் முள் கொஞ்சம் இறங்கி நிற்கும். இனி பெடலை முழுதாக மிதித்துப் பிடியுங்கள். முள் உடனே இன்னொரு தரம் இறங்கும். அது கசிவு அல்ல, சக்கரத்தடியில் பிரேக்கைத் தள்ளும் சேம்பர்களுக்குள் போன காற்று. பதறிப்போய் அதையும் சேர்த்து எண்ணக்கூடாது. முள் நின்ற இடத்திலிருந்து ஒரு நிமிடம் பாருங்கள். தனி லொறி என்றால் 3 பி.எஸ்.ஐ., ஒரு ட்ரெய்லரோடு என்றால் 4 பி.எஸ்.ஐ., அதற்கு மேல் இறங்கக்கூடாது.

அப்புறம் பெடலை விட்டுவிட்டு மிதித்துக் காற்றை இறக்குவது. 55-க்குக் கீழே போகுமுன் எச்சரிக்கை லைட்டோ பஸரோ வர வேண்டும். இன்னும் இறக்கினால் 45-க்கும் 20-க்கும் இடையில் குமிழ்கள் தாமாகவே வெளியே துள்ளும்.

என்னிடம் பரீட்சகர் கேட்ட கேள்வி ஒன்று: “சத்தம் கேட்கிறது, முள் அளவுக்குள் நிற்கிறது. வண்டியை எடுப்பீர்களா?” தினசரிப் பரிசோதனைப் பட்டியலைப் படித்தவருக்கு இது இலேசு. காதுக்குக் கேட்கும் கசிவு சிறு பழுது. எழுதி, கம்பனிக்கு அறிவித்துவிட்டு ஓடலாம். அளவுக்கு மேல் அழுத்தம் இறங்கினால் பெரும் பழுது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். காது இடத்தைக் காட்டும், முடிவு சொல்வது முள்.

இடத்தைக் கண்டுபிடிப்பதற்கும் அதே யோசனைதான். கால் எடுத்திருக்கும்போதே கசிந்தால் காற்றுத் தாங்கி, அல்லது ட்ரெய்லருக்கு எப்போதும் காற்றுக் கொடுக்கும் சிவப்பு லைன் பக்கம். மிதிக்கும்போது மட்டும் கசிந்தால் பெடலின் காற்றை ட்ரெய்லருக்குக் கொண்டுபோகும் நீல லைன் அல்லது சேம்பருக்குள் இருக்கும் றப்பர். பார்க்கிங் பிரேக்கை விட்டதும் சேம்பர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் ரிலே வால்வின் வாயால் காற்று வந்து, குமிழை இழுத்ததும் அது நின்றுவிட்டால், பலரும் வால்வைக் குறை சொல்வார்கள். ஸ்பிரிங் சேம்பருக்கும், பெடலுக்குரிய சேர்விஸ் சேம்பருக்கும் நடுவில் உள்ள சீல்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியது. புது வால்வ் வாங்கி மாட்டிய பிறகும் அதே சத்தம் கேட்டுத் தலையைச் சொறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

சந்தேகமான இடத்தில் சவர்க்காரத் தண்ணீர் பூசினால் குமிழி வரும். கையை வைத்துத் தடவிப் பார்க்காதீர்கள். கண்ணாடி போடாமல் முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். வண்டிக்குக் கீழே போவதற்கு முன் இன்னொன்று: கசிகிற வண்டியில் அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் தானாகப் பாயும். சேம்பரிலிருந்து வெளியே தள்ளும் தண்டான புஷ் ரொட் பக்கம் விரல் இருந்தால் நசுங்கிவிடும். காற்று உள்ள ஹோஸைக் கழற்றக்கூடாது, முதலில் தாங்கியை வெறுமையாக்க வேண்டும். ஸ்பிரிங் சேம்பரைத் திறக்கும் எண்ணமே வேண்டாம். அந்த ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். அது மெக்கானிக்கின் வேலை. பரீட்சையிலும் அப்படியே சொல்லுங்கள்.

தனியாகப் பழகுபவருக்கு ஒரு சிரமம்: பெடலையும் மிதித்துக்கொண்டு பின்னால் போய்க் காது கொடுக்க முடியாது. சீற்றுக்கும் பெடலுக்கும் இடையில் முட்டுக்கொடுக்கும் தடி கடையில் விற்கிறது. இல்லாவிட்டால் யாரையாவது கூப்பிட்டு மிதிக்கச் சொல்லுங்கள். செய்வதை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லியும் பழகுங்கள், ஏனென்றால் பரீட்சகருக்கு உங்கள் மனதில் இருப்பது தெரியாது.

பரீட்சைக்குக் கொண்டுபோகும் வண்டியை முதல்நாளே இப்படிப் பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் ட்ரெய்லரோடு காற்றுக் குழாயைக் கொளுவும் கிளாட்ஹாண்டின் றப்பர்கள் விறைத்துக் கசியத் தொடங்கும். சில டொலர் சாமான்தான், மாற்ற இரண்டு நிமிடம் போதும். பொக்கற்றில் இரண்டு வைத்திருங்கள்.