குச்சி உங்கள் கையில்

கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து அக்காமார்களே, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் எச்பிவி டிஎன்ஏ சோதனைக்குக் கால் விரித்துப் படுக்க வேண்டியதில்லை. மாதிரியை நீங்களே எடுக்கலாம். மாதவிடாய் நாளில் மட்டும் போகாதீர்கள்.

கையைக் கழுவித் துடையுங்கள். மாதிரி எடுக்கும் குச்சியின் நுனியில் விரல் படக்கூடாது, கீழேயும் வைக்கக்கூடாது. ஒரு காலைத் தூக்கி வைத்தால் சுலபம். சுமார் 5 சென்டிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நீளம், பிறப்புறுப்புக்குள் விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். பயத்தில் வாசலிலேயே தடவிவிட்டு வந்தால் செல் போதாது. முடிவு செல்லாது, மறுபடி அலைச்சல்.

எச்பிவியில் 16 அல்லது 18 வகை வந்தால் நேரே கோல்போஸ்கோபி, அதாவது கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை. கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காடு இந்த இரண்டால்தான். மற்ற அபாய வகைகளுக்கு முதலில் பாப் ஸ்மியர், அதாவது கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை. புற்றுநோய் என்று உறுதியாகச் சொல்வது சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான்.

பாசிட்டிவ் என்றதும் வீட்டில் சண்டை வேண்டாம்! உடலுறவில் தொற்றும் இந்தக் கிருமி பல வருடம் சத்தமில்லாமல் இருக்கலாம். எப்போது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலும் இரண்டு வருடத்தில் தானே போய்விடும்.

2010 முதல் பள்ளியில் 13 வயதில் எச்பிவி தடுப்பூசி போட்ட பிள்ளைகளும் 30 வயதானதும் சோதிக்க வேண்டும். ஊசி எல்லா வகையையும் தடுக்காது.