சர்வரின் பெயரை மாற்றினார்கள், ராபிட்எம்க்யூ காலியாக எழுந்தது

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு 11.15 மணி. ஓர் அப்ளிகேஷன் அனுப்பும் செய்திகளை க்யூ எனப்படும் வரிசைகளில் வைத்திருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கும் மென்பொருள் ராபிட்எம்க்யூ. அது ஓடும் எங்கள் சர்வருக்குள் போய் லிஸ்ட் யூசர்ஸ் கட்டளையை அடித்தேன். 14 பயனர்கள் வர வேண்டிய இடத்தில் கெஸ்ட் என்ற ஒரே பெயர் வந்தது. விஹோஸ்ட் என்றால் க்யூக்களைப் பிரித்து வைக்கும் தனி அறை மாதிரி. லிஸ்ட் விஹோஸ்ட்ஸ் அடித்தால், தொடக்கத்திலேயே இருக்கும் சாய்கோடு என்ற விஹோஸ்ட் மட்டும்தான். லிஸ்ட் க்யூஸ் அடித்தால் ஒன்றுமே இல்லை. அன்று மாலை கிளம்பும்போது பில்லிங் க்யூவில் 41,000 செய்திகளுக்கு மேல் காத்திருந்ததை நானே பார்த்திருந்தேன். கட்டணத்தைச் சரிபார்க்கும் வெளிச் சேவை மெதுவாக இருந்ததால் சேர்ந்துபோன பில்கள் அவை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பணம் கட்டிய கணக்கு. கை நடுங்கியது.

நடந்தது இதுதான். சர்வர்களைப் பராமரிக்கும் குழு எல்லா இயந்திரங்களுக்கும் புதிய முறைப்படி பெயர் வைத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் முன்பே பட்டியல் வந்தது, நானும் பார்த்துவிட்டுச் சரி என்று பதில் போட்டிருந்தேன். இரவு பத்தரைக்கு ஹோஸ்ட்நேமை, அதாவது இயந்திரத்தின் பெயரை, மாற்றி ரீஸ்டார்ட் செய்தார்கள். சர்வீஸ் பச்சை நிறத்தில் ஓடுவதாகக் காட்டியது. டயக்னாஸ்டிக்ஸ் பிங் வெற்றி என்றது. அப்ளிகேஷன்கள் இணையும் 5672 போர்ட் திறந்திருந்தது. அவர்கள் பக்கம் வேலை முடிந்தது என்று செய்தி அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள். அப்ளிகேஷன்களின் லாக் மட்டும் லாகின் மறுக்கப்பட்டது என்று கத்திக்கொண்டிருந்தது.

வெப் டாஷ்போர்டுக்கும் போக முடியவில்லை. என் பயனரே இல்லையே. கெஸ்ட் கணக்கோ அதே இயந்திரத்திலிருந்து வந்தால் மட்டும்தான் உள்ளே விடும். ஆக, எஸ்எஸ்எச் வழியாக ஒரு கருப்புத் திரையும் ராபிட்எம்க்யூசிடிஎல் கட்டளையும்தான் மிச்சம்.

என்னோடு இருந்த இளைஞர், “அண்ணா, யூசர், விஹோஸ்ட் எல்லாம் உருவாக்குற ஸ்கிரிப்ட் என்கிட்ட இருக்கு. ஓட்டிடட்டுமா?” என்று கேட்டார். வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து போன் மேல் போன். “சரி, ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டேன். அந்த இரவில் நான் செய்த பெரிய தவறு அதுதான். அப்ளிகேஷன்கள் உடனே இணைந்தன, தங்களுக்கு வேண்டிய க்யூக்களைத் தாங்களே அமைத்துக்கொண்டன, புதிய பில்கள் வர ஆரம்பித்தன. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அந்த 41,000 எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு மனம் ஒப்பவில்லை. தரவு இருக்கும் இடத்துக்குள், அதாவது வார், லிப், ராபிட்எம்க்யூ, மினீசியா என்று போகும் டைரக்டரிக்குள் போய்ப் பட்டியல் எடுத்தேன். இரண்டு டைரக்டரிகள் இருந்தன. ஒன்று ராபிட்@புதியபெயர், இன்னொன்று ராபிட்@பழையபெயர். பழையதன் அளவைப் பார்த்தால் 1.3 ஜிபி. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லில் எழுத முடியாது.

ராபிட்எம்க்யூவைப் பொறுத்தவரை ஒரு நோடின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ராபிட்எம்க்யூவின், அடையாளமே அதன் பெயர்தான். நாம் தனியாகச் சொல்லாவிட்டால் ராபிட் என்ற சொல்லோடு இயந்திரத்தின் ஹோஸ்ட்நேமைச் சேர்த்துப் பெயர் வைத்துக்கொள்ளும். தரவை வைக்கும் டைரக்டரிக்கும் அதே பெயர். ஹோஸ்ட்நேம் மாறினால் அது தன்னைப் பிறந்த குழந்தையாக நினைத்துக்கொண்டு புது டைரக்டரி போட்டு, கெஸ்ட் பயனரோடு எழுந்து நிற்கும். பழையதை அது அழிப்பதில்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. பழைய தரவைக் காணோம் என்று அதன் லாகில் எந்தப் பிழையும் வராது, ஏனென்றால் அதன் கணக்கில் பிழையே நடக்கவில்லை. உங்கள் சர்வரும் ஒருநாள் காலியாக எழுந்தால் எதையும் மறுபடி உருவாக்கும் முன் இந்த டைரக்டரியைப் பாருங்கள். பழைய டைரக்டரியின் பெயரை மாற்றிப் புதியதன் இடத்தில் வைத்தால் போதுமே என்று தோன்றும். வேண்டாம். உள்ளே இருக்கும் மினீசியா தரவுத்தளத்திலும் பழைய நோடின் பெயர் எழுதப்பட்டிருக்கும், அது ஒத்துப்போகாது.

நேரான வழி, நோடைப் பழைய பெயரிலேயே எழுப்புவது. ஆனால் உடனே செய்ய முடியவில்லை. நாங்கள் ஓட்டிய ஸ்கிரிப்ட்டால் புதிய நோடிலும் பில்கள் சேர்ந்துவிட்டன. பழைய பெயருக்குத் திரும்பினால் இவை அநாதையாகப் போகும். இளைஞர் லிஸ்ட் க்யூஸ் ஓட்டிப் பார்த்து, “காலியாத்தான் அண்ணா இருக்கு” என்றார். நானும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. மைனஸ் பி போட்டு விஹோஸ்ட் பெயரைக் கொடுக்காவிட்டால் அந்தக் கட்டளை சாய்கோடு விஹோஸ்ட்டை மட்டும்தான் பார்க்கும். எங்கள் க்யூக்கள் இருப்பது பில்லிங் என்ற விஹோஸ்ட்டில். பெயரைக் கொடுத்து ஓட்டினால் 312 செய்திகள். அவை காணாமல் போயிருந்தால் அடுத்த மாதம்தான் தெரிந்திருக்கும்.

அனுப்பும் பக்கத்தை நிறுத்தச் சொன்னோம். எடுத்து வேலை செய்யும் கன்ஸ்யூமர்களை மட்டும் ஓடவிட்டு, க்யூ வடியும்வரை உட்கார்ந்திருந்தோம். இதில் க்யூவில் காத்திருப்பவற்றைக் காட்டும் ரெடி எண்ணிக்கை பூஜ்யமானதும் எழுந்துவிடக் கூடாது. அன்அக்னாலெட்ஜ்டு என்ற எண்ணிக்கையையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். கன்ஸ்யூமர் கையில் எடுத்து இன்னும் முடிக்காதவை அங்கேதான் இருக்கும். எங்களுக்கு ரெடி பூஜ்யமான பிறகும் 50 செய்திகள் அப்படி நின்றன. இரண்டும் பூஜ்யமாக 25 நிமிடம் ஆனது.

சர்வீஸை நிறுத்தி, இரண்டு டைரக்டரிகளையும் டார் செய்து, அதாவது ஒரே கோப்பாகக் கட்டி, நகல் வைத்தேன். ராபிட்எம்க்யூ எழும்போது படிக்கும் என்வ் என்ற அமைப்புக் கோப்பில் நோட்நேம் என்ற மாறிக்குப் பழைய முழுப்பெயரைக் கொடுத்தேன். அந்தக் கோப்புக்குள் ராபிட்எம்க்யூ என்ற முன்னொட்டு இல்லாமல்தான் மாறிகளை எழுத வேண்டும். ஸ்டார்ட் கொடுத்தேன், எழவில்லை. நோடுகளின் பெயர்களைப் பதிந்து வைக்கும் எபிஎம்டி என்ற நிரல் பற்றிய பிழை, அப்படி ஒரு டொமைன் இல்லை என்று வந்தது. பழைய ஹோஸ்ட்நேமை இப்போது யாருக்கும் தெரியாது, பெயர் மாற்றிய குழு, பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிலிருந்தும் அதை எடுத்திருந்தது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்து, பழைய பெயருக்கு இதே இயந்திரத்தின் ஐபி முகவரியைக் கொடுத்தேன். மறுபடி ஸ்டார்ட்.

இரண்டு நிமிடம் எதுவும் பேசாமல் லாகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்தது. மைனஸ் பி பில்லிங் போட்டு லிஸ்ட் க்யூஸ் அடித்தேன். 41,206. இளைஞர் நாற்காலியை விட்டு எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு க்யூ மட்டும் காலியாகவே இருந்தது. நினைவூட்டல் எஸ்எம்எஸ் அனுப்பும் க்யூ. க்யூ டியூரபிள்தான், ஆனால் அதற்குள் போடும் செய்திகளை பெர்சிஸ்டென்ட் என்று, அதாவது டிஸ்க்கில் எழுதி வைக்கச் சொல்லி, குறிக்காமல் அனுப்பி வந்திருக்கிறார்கள். ரீஸ்டார்ட் ஆனால் அப்படிப்பட்டவை போய்விடும். பெட்டி பத்திரமாக இருக்கும், உள்ளே இருந்தது இருக்காது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்தவர்கள் எங்கள் குழுவிலேயே பலர். அந்த எஸ்எம்எஸ்களை மறுநாள் தரவுத்தளத்திலிருந்து தேடி எடுத்து மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று.

சரி, முடிந்தது என்று அனுப்பும் பக்கத்தைத் திறந்துவிட்டோம். அப்புறம்தான் அடுத்த அடி. அப்ளிகேஷன்கள் இணைகின்றன, பிழை எதுவும் இல்லை, ஆனால் ஒரு பில்கூட க்யூவுக்குள் வரவில்லை. கன்ஸ்யூமர்கள் மட்டும் நன்றாக ஓடுகின்றன. அனுமதியைச் சோதித்தோம், நெட்வொர்க்கைச் சோதித்தோம், ஃபயர்வாலைச் சோதித்தோம். 40 நிமிடம் போனது. கடைசியில் லிஸ்ட் கனெக்‌ஷன்ஸ் கட்டளையில் ஸ்டேட் என்ற பத்தியையும் கேட்டு வாங்கினேன். அனுப்பும் இணைப்புகள் எல்லாமே பிளாக்டு. டயக்னாஸ்டிக்ஸில் அலாரம்ஸ் கட்டளையை ஓட்டினால் டிஸ்க் அலாரம்.

காரணம், நான் எடுத்த டார் கோப்பு. அவசரத்தில் அதே டிஸ்க்கில் வைத்துவிட்டேன். காலியிடம் 5 ஜிபிக்குக் கீழே போனால் நிறுத்து என்று நாங்கள்தான் முன்பு கான்ஃபிகில் எழுதியிருந்தோம். மாற்றாமல் விட்டால் அது வெறும் 50 எம்பி, அவ்வளவு குறைவு ஆபத்து என்று யோசித்துக் கூட்டியது. எல்லை தாண்டியதும் ராபிட்எம்க்யூ அனுப்புகிறவர்களின் இணைப்பைப் பிடித்து நிறுத்திவைக்கும், துண்டிக்காது. அனுப்பும் நிரல் அந்தத் தடை அறிவிப்பைக் கவனிக்கும்படி எழுதப்பட்டிருக்காவிட்டால், அது பாட்டுக்குக் காத்துக்கொண்டே நிற்கும். டார் கோப்பை வேறு இயந்திரத்துக்கு நகர்த்தினேன். சில நொடிகளில் அலாரம் தானாக அணைந்து பில்கள் பாய்ந்து வந்தன. மணி 3.10.

இன்று எங்கள் குழுவில் யார் எந்தப் பிரச்சினை என்று வந்தாலும் முதலில் ஓட்டுவது அலாரம்ஸ் கட்டளையைத்தான். இரண்டு நொடி வேலை.

இரண்டு வாரம் கழித்து முறையாகப் புதிய இயந்திரத்துக்கு மாறினோம். இந்த முறை எக்ஸ்போர்ட் டெஃபினிஷன்ஸ் கொண்டு பயனர், விஹோஸ்ட், க்யூ, பாலிசி, அனுமதி எல்லாவற்றையும் ஒரு ஜேசன் கோப்பாக எடுத்து அங்கே இம்போர்ட் செய்தோம். அது சுலபம். ஆனால் அந்தக் கோப்பில் செய்திகள் இருக்காது. அவற்றை நகர்த்த, ஒரு க்யூவிலிருந்து இன்னொன்றுக்குச் செய்திகளை மாற்றும் ஷவல் பிளகினை இயக்கி, இருப்பதை எல்லாம் அள்ளி முடித்ததும் தானே நின்றுவிடும்படி அமைத்தோம்.

அங்கே அனுமதி விஷயத்தில் அரை நாள் போனது. செட் பெர்மிஷன்ஸ் கட்டளைக்கு மூன்று ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள், அதாவது எந்தப் பெயர்களுக்குப் பொருந்தும் என்று சொல்லும் வடிவங்கள், கொடுக்க வேண்டும். கான்ஃபிகர், ரைட், ரீட், இதே வரிசையில். எல்லாப் பெயரும் என்று பொருள்படும் புள்ளியையும் நட்சத்திரத்தையும் மேற்கோள்குறி இல்லாமல் போட்டால், நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கும் ஷெல் அதை அந்த டைரக்டரியில் மறைந்திருக்கும் கோப்புகளின் பெயர்களாக விரித்துவிடும், கட்டளை புரியாத பிழையோடு நிற்கும். ஒற்றை மேற்கோள் கட்டாயம். அடுத்து, தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் இல்லாமல் பில் என்று மட்டும் எழுதினால் பில் என்ற சொல் எங்கே வந்தாலும் பொருந்தும். தேவைக்கு அதிகமாகத் திறந்துவிட்டிருப்பதை ஒரு சோதனைப் பயனரை வைத்துப் பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன். அதை இறுக்கியதும் ஷவல் நின்றுபோனது. சேரும் இடமாக க்யூவின் பெயரைக் கொடுத்தால் செய்திகளை க்யூக்களுக்குப் பிரித்து அனுப்பும் எக்ஸ்சேஞ்ச்களில் டிஃபால்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் ஷவல் செய்தியைப் போடும். அனுமதிக் கணக்கில் அதன் பெயர் ஏஎம்க்யூ புள்ளி டிஃபால்ட். ரைட் அனுமதியில் அதையும் சேர்த்த பிறகுதான் ஓடியது. கடவுச்சொல்லை ஆட் யூசர் கட்டளையோடு சேர்த்து அடிக்காதீர்கள், ஷெல் வரலாற்றில் பதிந்துவிடும். பெயரை மட்டும் கொடுத்தால் கடவுச்சொல்லை அதுவே கேட்கும்.

புதிய நோடுக்கு ஹோஸ்ட்நேமை நம்பாமல் என்வ் கோப்பில் நாங்களே ஒரு பெயரை எழுதியிருக்கிறோம், அந்தப் பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் சேர்த்திருக்கிறோம். இனி இயந்திரத்துக்கு யார் என்ன பெயர் வைத்தாலும் அது மாறாது. டெஃபினிஷன்ஸ் கோப்பு தினமும் அதிகாலை 2 மணிக்கு வேறு ஓர் இயந்திரத்துக்குப் போகிறது. அதில் கடவுச்சொற்களின் ஹாஷ், அதாவது உருமாற்றிய வடிவம், இருப்பதால் அந்த இடத்தைப் பூட்டியே வைத்திருக்கிறோம். பழைய சர்வரில் அந்த 1.3 ஜிபி டைரக்டரி இன்னும் அப்படியே கிடக்கிறது. மாதக் கடைசிக் கணக்கு சரிபார்த்து முடிந்ததும் அழித்துவிடலாம் என்று இளைஞர் சொல்லியிருக்கிறார். அழிக்கும்போது நானும் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன்.