மாசியில் போட்ட பதியன்கள், ஜூன் மழைக்காக

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. அதனால் புதுக் கன்றுகளுக்கான கணக்கை நான் ஜூனிலிருந்து பின்னால் போட்டு வருகிறேன். ஜூன் மழையில் தரையில் வைக்க வேண்டுமென்றால் மே மாதமே பையில் வேர் பிடித்து நிற்க வேண்டும். அதற்கு மாசியில் வேலை தொடங்கியாக வேண்டும். மரங்கள் தளிர்விடுவதும் அப்போதுதான். எங்கள் வீடு தக்கலைப் பக்கம். இடையில் கோடை மழையும் ஓரளவு கைகொடுக்கும்.

இந்த முறை அதிகம் மெனக்கெட்டது விண்பதியத்தில்தான், அதாவது கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விட வைத்து, பிறகு வெட்டி எடுப்பதில். கொய்யாவிலும் சாம்பையிலும் (ரோஸ் ஆப்பிள் வகைப் பழமரம்) போட்டேன். கம்பை வெட்டி மண்ணில் குத்தினால் மாசி வெயிலில் வேர் வரும் முன்னே காய்ந்துவிடும். விண்பதியத்தில் அந்தக் கவலை இல்லை, வேர் வரும்வரை தாய்மரமே தண்ணீர் கொடுக்கும். பென்சில் பருமனுக்குக் குறையாத, தோல் பழுப்பேறிய கிளையாகப் பார்த்து, ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரிக்க வேண்டும். அடியில் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அதைக் கத்தியால் நன்றாகச் சுரண்டுவதுதான் முக்கியம். அது மிச்சமிருந்தால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. இலை தயாரித்த உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகிறது. பட்டை போனதும் அது காயத்தின் மேல் விளிம்பில் தேங்கி, அங்கேயே வேர் விடுகிறது. தண்ணீர் உள்மரம் வழியாக ஏறுவதால் கிளை வாடுவதில்லை.

சுற்றிக் கட்டத் தேங்காய்நார்த் தூள் போதும். நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து வைக்கிறேன். வேர் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகக் கறுப்புப் பையை விட்டுவிட்டு, உள்ளே இருப்பது தெரியும் பாலித்தீனை எடுத்தேன். சாம்பை முந்திக்கொண்டது. கொய்யா மெதுவாகத்தான் வந்தது. வெள்ளை வேரைப் பார்த்ததும் வெட்டத் தோன்றும், ஆனால் அது பழுப்பாகிக் கிளைவிடும்வரை விட்டுவைப்பது நல்லது. வெட்டிய பிறகு இலைகளில் பாதியைக் குறைத்து, பையில் நட்டு, மாமர நிழலில் வைத்திருக்கிறேன். புதுத் தளிர் வந்திருக்கிறது.

நல்லமிளகுக்கு வேறு வழி. பலாவில் ஏறி நிற்கும் கொடியின் அடியிலிருந்து தரையில் ஓடும் கொடிகள் கிளம்பும். அவை மண்ணில் வேர்விடாமல் ஒரு குச்சியில் சுருட்டிக் கட்டி வைத்திருந்தேன். மாசியில் அறுத்து, இரண்டு மூன்று கணுவுள்ள துண்டுகளாகப் பையில் ஊன்றினேன். பந்தல் நிழலும் தினமும் ஈரமும் கிடைத்தால் போதும், ஜூனுக்குள் நடத் தயாராகிவிடும். பக்கக் கிளையை வெட்டி வைத்தாலும் வேர் வரும், ஆனால் அது மரமேறாது. தொட்டியில் புதர்போல நின்று காய்க்கும். மாடியில் வளர்ப்பவர்களுக்கு அதுவே நல்லது.

முருங்கை எளிது. கைப்பருமன் கம்பின் மேல் வெட்டில் சாணி அப்பி நட்டாயிற்று. தண்ணீர் தேங்கினால் அழுகும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

கும்பத்தில் நட்டால் குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன்கண்ணளவு என்று சேனையைப் பற்றி இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். கும்பம் என்றால் நம் மாசிதான். அப்போது நட்ட கிழங்கு கோடை மழையில் முளைத்து, பருவமழை முழுவதையும் வளரப் பயன்படுத்திக்கொள்கிறது. பிந்தினால் அந்தக் காலம் குறைகிறது. ஒவ்வொரு துண்டிலும் நடுமுளையின் ஒரு பங்கு இருக்கும்படி வெட்டி, சாணிக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தி, சாம்பலும் சருகும் போட்ட குழியில் வைத்தேன். முதல் கோடை மழைக்கே முளை தலைகாட்டியது.

எனக்கு மிகவும் ஆசை கறிப்பலா (சீமைப்பலா) மீது. இங்குள்ள மரங்களில் விதை இல்லை, வேரிலிருந்துதான் கன்று எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாமாவிடம் கேட்டபோது, “வேரு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ மக்களே, மூட்டுப்பக்கம் மட்டும் வெட்டாத” என்றார். மூடு என்றால் மரத்தின் அடி. விரல் பருமனைவிடக் கூடுதலான வேர்களை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஈர மணலில் கிடையாகப் புதைத்திருக்கிறேன். சில துண்டுகளில் மொட்டு புடைத்திருக்கிறது, மற்றவை அப்படியே கிடக்கின்றன. இதற்கு மாதக்கணக்கில் ஆகும், மணல் காயாமல் பார்த்துக்கொள்கிறேன். மரத்திலேயே மேல்வேரைக் கீறிவிட்டால் அந்த இடத்தில் முளை வரும் என்பதால் மாமாவிடம் சொல்லி அதையும் செய்து வைத்திருக்கிறேன்.

எங்கள் மாவட்டத்து மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் மூட்டில் ஈட்டி போலக் குறுகிய இலையோடு வரும் கன்றுகளை மட்டும் விட்டிருக்கிறேன். அகல இலை நீர்க்கன்றுகளை அவ்வப்போது அறுத்துவிடுகிறேன்.

இப்போது மாம்பழக் காலம். மாங்கொட்டை உலர்ந்தால் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும், அதனால் தின்றதும் கழுவி மணலில் புதைத்து வருகிறேன். அந்த இளநாற்றில் செங்கவருக்கை என்ற மா வகையை ஒட்டுக் கட்ட ஜூன், ஜூலையின் ஈரக்காற்று வேண்டும். ஒட்டுக்குச்சி எடுக்க மரம் பார்த்தாயிற்று. வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே காம்பை விட்டு இலைகளை நறுக்கிவிட வேண்டும், அப்போதுதான் மொட்டு திரண்டு வரும்.