தொடை எலும்பை எக்ஸ்ரே படத்தில் பொருத்திய அனுபவம்

சி.டி. ஸ்கேனிலிருந்து பிரித்தெடுத்த தொடை எலும்பின் முப்பரிமாண மாதிரியை, அதே முழங்காலின் எக்ஸ்ரே படத்தின் மேல் பிசகில்லாமல் பொருத்துவதே எனக்குத் தரப்பட்ட வேலை. மூன்று நகர்வுகள், மூன்று சுழற்சிகள் என ஆறே எண்களைக் கண்டுபிடித்தால் போதும் என்பதால், இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நம்பி இறங்கினேன். இரண்டு மாதங்கள் ஆயின. அவற்றில் பெரும்பகுதியை அச்சுகளும் அளவுகளுமே தின்றுவிட்டன.

முதல் நாளே வலக்காலின் எலும்பு திரையில் இடக்காலுடையதைப் போலத் தெரிந்தது. கோப்புகள் மாறிவிட்டனவோ என்று ஐயுற்று ஸ்கேனை மறுபடியும் தருவித்துப் பார்த்தேன். கோப்பில் குற்றம் இல்லை. மருத்துவப் படங்களைச் சேமிக்கும் பொது வடிவமான டைகாம் முறையில் முதல் அச்சு நோயாளியின் இடப்பக்கத்தையும், இரண்டாம் அச்சு முதுகுப்பக்கத்தையும் நோக்கி வளர்கிறது; நான் பயன்படுத்திய ஸ்லைசர் மென்பொருளோ உள்ளுக்குள் வலப்பக்கத்தையும் முன்பக்கத்தையும் நோக்கி எண்ணுகிறது. இரண்டு அச்சுகளின் குறியும் சேர்ந்து மாறும்போது எலும்பு கண்ணாடி பிம்பமாக ஆவதில்லை, நெடுக்கு அச்சைச் சுற்றி 180 பாகை திரும்பிவிடுகிறது. எக்ஸ்ரே என்பது நிழல். அதில் முன்னும் பின்னும் ஒன்றாகிவிடுவதால், திரும்பி நிற்கும் எலும்பு பக்கம் மாறிய எலும்பைப் போலவே காட்சியளிக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாட்கள் பிடித்தன. எலும்பின் முப்பரிமாண வடிவத்தைச் சேமிக்கும் எஸ்.டி.எல். கோப்பில், எண்கள் மில்லிமீட்டரா வேறா என்ற அலகு எழுதப்படுவதில்லை என்பதையும் அந்த வாரத்திலேயே கற்றுக்கொண்டேன்.

பொருத்துவதற்கு, கதிர்மூலத்திலிருந்து ஸ்கேனின் ஊடாகக் கதிர்களைச் செலுத்திக் கணினியிலேயே ஒரு போலி எக்ஸ்ரேயை உருவாக்கி, அதை உண்மையான படத்தோடு ஒப்பிட்டு, ஒப்புமை கூடும் திசையில் எலும்பை நகர்த்திக்கொண்டே போகும் முறையைக் கையாண்டேன். திசுக்களின் ஊடே கதிரின் செறிவு அடுக்குக்குறி முறையில் குறைவதால், உண்மையான படத்துக்கு மடக்கை எடுத்த பிறகே இரண்டும் ஒப்பிடத்தக்கவை ஆயின. தொடக்க நிலை தொலைவாக இருந்தால் தேடல் சரியான விடையல்லாத ஏதாவதொரு பொய்க்குழியில் விழுந்து அங்கேயே நின்றுவிடும். ஆகவே முதலில் கையால் ஏறத்தாழ வைத்துவிட்டு, மங்கலான சிறு படத்தில் தொடங்கிப் படிப்படியாகத் தெளிவான படத்துக்குச் சென்றேன்.

ஒரு மாலை, எலும்பின் விளிம்பு படத்தின் விளிம்போடு மயிரிழை பிசகாமல் படிந்தது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன். பக்கவாட்டிலிருந்து எடுத்த இரண்டாவது படத்தில் அதே விடையை வைத்துப் பார்த்தபோது, எலும்பு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் விலகிக் கிடந்தது.

காரணம் எளிய வடிவியல்தான். கதிர்மூலத்திலிருந்து, நிழலைப் பதிவு செய்யும் உணர்தகடு 1000 மி.மீ. தொலைவிலும், எலும்பு 750 மி.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். எலும்பு பக்கவாட்டில் 10 மி.மீ. நகர்ந்தால் நிழல் 13 மி.மீ.க்கு மேல் நகரும், உடனே தெரிந்துவிடும். அதே எலும்பு கதிர்மூலத்தை நோக்கி 10 மி.மீ. நகர்ந்தால், 80 மி.மீ. அகலமுள்ள அதன் நிழல் 106.7 மி.மீ.இலிருந்து 108.1 மி.மீ. ஆக மட்டுமே விரிகிறது. ஒவ்வொரு விளிம்பிலும் மாற்றம் 0.7 மி.மீ.தான். சற்று மங்கிய விளிம்பில் அது முற்றிலும் ஒளிந்துகொள்ளும். ஒற்றைப் படத்தில் ஆழத்தை நம்பி ஒருவரும் அறுவைத் திட்டம் வகுத்துவிடக் கூடாது என்று அன்று உண்மையாகவே அஞ்சினேன்.

அதன் பிறகு இரண்டு படங்களையும் சேர்த்தே பொருத்தினேன். அவற்றுக்கிடையேயான கோணமும் கதிர்மூலத்தின் இடமும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதால், அக்ரிலிக் கட்டையில் அளந்து பதித்த எஃகுக் குண்டுகளைப் படமெடுத்து, அவற்றின் நிழல்களிலிருந்து கருவியின் வடிவியலை முதலில் கணக்கிட்டுக்கொண்டேன். புதிய விடையில், முதல் படத்தின் ஒப்புமை எண் அந்த மாலையில் கிடைத்ததைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆனால் தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள முழங்கால் குமிழ்களின் வளைவு இரண்டு படங்களிலும் ஒருசேரப் படிந்தது. அந்த விடையையே ஏற்றுப் பதிவு செய்தேன்.