தையல் பிரித்த பிறகுதான் ஆரம்பம்

வெட்டுக்காயம்தானே, தையல் பிரித்ததும் வேலைக்குப் போய்விடலாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். நானும்தான்.

பேக்கிங் பிரிவில் கட்டர் மெஷினுக்குள் ஷீட் சிக்கிக்கொண்டது. மெஷினை நிறுத்திவிட்டு, வலது கையை உள்ளே விட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். மறுபக்கம் நின்றவருக்கு நான் தெரியவில்லை. அங்கிருந்த ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு பக்கமும் பட்டன் வைத்தவர்கள், ஒரு பக்கம் ஆள் கை வைத்திருப்பது மறுபக்கம் தெரிய ஒரு வழியும் வைக்கவில்லை.

நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்கும் தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) அறுந்திருந்தன, கூடவே ஒரு நரம்பும். அன்று இரவே தைத்துவிட்டார்கள். கஷ்டம் அதற்குப் பிறகுதான். தைத்த தசைநாணை அசைக்காமல் விட்டால் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும். பலமாக மடக்கினால் தையலே அறுந்துவிடும். அதனால் கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் போட்டபடியே, பிசியோதெரபிஸ்ட் சொன்ன அளவுக்கு மட்டும், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம் பயிற்சி. தூக்கத்தில் தெரியாமல் எதையாவது பிடித்து இழுத்துவிடுவேனோ என்ற பயத்தில் தூக்கமே வரவில்லை. ஸ்பிளின்ட் கழற்ற ஆறு வாரம், கனமான பொருளைத் தூக்கப் பன்னிரண்டு வாரமாவது ஆகும் என்றார்கள். அதுவும் எல்லாம் சரியாகப் போனால்.

நரம்பு இன்னும் மெதுவு. நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் வளருமாம். விரலில் ஓரிடத்தில் தட்டினால் சுருக்கென்று கரண்ட் அடிக்கும்; வாரங்கள் போகப் போக அந்த இடம் நுனியை நோக்கி நகரும். நரம்பு வளர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சு எது, துணி எது, நாணயம் எது என்று தடவிச் சொல்லும் பயிற்சி. வளர்ந்த ஆள் இதில் தோற்றுப்போய் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். சட்டைப் பட்டன் போட மனைவிதான் வரவேண்டியிருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் அந்த விரல்கள் இன்றும் வலிக்கின்றன. மோதிர விரல் நுனி முழுதாக மடங்குவதில்லை, இனி மடங்காது என்றும் சொல்லிவிட்டார்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ILO) மதிப்பீட்டின்படி, 2019-இல் உயிர்போகாத வேலையிடக் காயங்கள் மட்டும் சுமார் 39.5 கோடி. அதில் ஒன்று என்னுடையது என்று வைத்துக்கொண்டால், மோதிர விரல் நுனி எந்தக் கணக்கில் வரும்?

விபத்து அறிக்கையில் முதலில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்றுதான் காரணம் எழுதியிருந்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. 'கவனமாக இருங்கள்' என்று போர்டு எழுதுவதும் கையுறை கொடுப்பதும் பாதுகாப்பின் கடைசி வரிசை. ஆபத்தையே நீக்க முடியுமா, முடியாவிட்டால் மெஷினிலேயே தடுப்பு வைக்க முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கவரைத் திறந்தால் மெஷின் தானாக நிற்கும் இன்டர்லாக் ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கையுறையோ, சுழலும் பாகத்தின் பக்கத்தில் கையையே உள்ளே இழுத்துவிடும்.

நான் லைட் டியூட்டியில் திரும்பியபோது இன்டர்லாக் வந்திருந்தது, ஆளுக்கொரு பூட்டும் கொடுத்திருந்தார்கள். உள்ளே கை வைக்கும்முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும். சாவி பூட்டியவர் பையில் மட்டும். இரண்டு பேர் வேலை பார்த்தால் இரண்டு பூட்டு. பூட்டியதும் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஷிஃப்ட் முடியும் அவசரத்தில் இந்தக் கடைசி வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். டார்கெட் துரத்தும்போது பூட்டத் தோன்றுமா? சிக்கலெடுக்கும் நேரத்தை உற்பத்திக் கணக்கிலிருந்து கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.